லடாக் பயணத்தில் லேப்டாப் நிரம்பியபோது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரும் அவருடைய அக்கா மகனும் ஒரு செப்டம்பர் மாதம் லடாக் போய் வந்தார்கள். லே, நூப்ரா, பாங்காங் ஏரி, ஹன்லே, மறுபடி லே என்பது வழி. அந்தப் பையனுக்கு இருபதுகளின் கடைசி. கோயம்புத்தூரில் மென்பொருள் வேலை. படம் எடுப்பதில் தீவிரமானவன். ஹன்லேயில் பால்வீதியைப் படம்பிடிப்பதுதான் அவனுக்குப் பயணத்தின் நோக்கமே. அந்த அம்மாவிடம் கேமரா கிடையாது, போன் மட்டும்தான். பார்ப்பதையெல்லாம் அதில் எடுப்பார், நிறைய வீடியோவும் எடுப்பார்.

அவர்கள் பாதிப் பயணத்தில் இருந்தபோது அவனிடமிருந்து எனக்குப் போன் வந்தது. அதிலிருந்து அவர்கள் வீடு திரும்பும் வரையிலும், அப்புறமும் கூடவே இருந்து பார்த்ததால் இதை எழுதுகிறேன். இருவரும் எழுதச் சம்மதித்தார்கள். பெயர்கள் வேண்டாம் என்றார்கள்.

கையில் இருந்தவை: 24 மெகாபிக்சல் கேமரா ஒன்று. ரா வடிவில், அதாவது கேமரா சுருக்காமல் பதியும் முழுத் தகவலோடு, ஒரு படம் சுமார் 30 எம்.பி. வரும். 64 ஜி.பி. மெமரி கார்டு இரண்டு. 2 டி.பி. கையடக்க ஹார்ட் டிஸ்க் ஒன்று, உள்ளே தட்டு சுழலும் பழைய வகை. 256 ஜி.பி. எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) உள்ள லேப்டாப். அந்த 256 விண்டோஸில் 238 என்றுதான் காட்டும். அதிலும் சிஸ்டம், மென்பொருள், வேலை சம்பந்தமான கோப்புகள் எல்லாம் போக, கிளம்பும்போது சுமார் 80 ஜி.பி. காலியாக இருந்தது.

அவன் போட்ட திட்டம் காகிதத்தில் நன்றாகவே இருந்தது. தினமும் ராத்திரி கார்டில் இருப்பதை லேப்டாப்பில் ஏற்றுவது, அங்கிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னொரு பிரதி, அதன்பின் கார்டை ஃபார்மட் செய்து, அதாவது முழுக்க அழித்து, மறுபடி பயன்படுத்துவது. சித்தியின் போன் படங்களுக்குத் தனியாக ஒரு ஃபோல்டர். அது அவனுடைய 100 ஜி.பி. கிளவுட் (இணையச் சேமிப்பு) கணக்கோடு தானாக சிங்க் ஆகும், அதாவது அதில் போடுவது அங்கேயும் ஏறும்.

லேயும் நூப்ராவும்

லே சுமார் 3,500 மீட்டர் உயரம். போனதும் உடம்பு பழகுவதற்கு ஓய்வெடுக்க வேண்டும் என்பதால் முதல் நாட்களில் படங்கள் குறைவு. நெட்வொர்க் விஷயம் அங்கேயே தெரிந்துவிட்டது. வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். அந்த அம்மாவுடையது ப்ரீபெய்டு. அவனுடைய போஸ்ட்பெய்டிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் அவர் வாட்ஸப்பே பார்த்தார்.

அவருடைய போனில் மொத்தமே 64 ஜி.பி. இடம். கர்துங் லா கணவாயைக் கடந்து (5,359 மீட்டர் உயரத்தில் நின்று அவர் எடுத்த வீடியோ நீளமானது) நூப்ராவின் டிஸ்கிட்டில் மைத்ரேயர் சிலையையும், ஹுண்டர் மணல்மேட்டில் இரட்டைத் திமில் ஒட்டகங்களையும் எடுத்து முடித்தபோது போன் நிரம்பிவிட்டது. அன்று இரவு ஹுண்டரில் அவன் போனைக் கேபிளில் இணைத்து, எல்லாவற்றையும் கட் செய்து லேப்டாப்பின் சிங்க் ஃபோல்டரில் பேஸ்ட் செய்தான். காப்பி அல்ல, கட். போனில் உடனே இடம் கிடைக்க வேண்டும் என்பது காரணம். லேயிலிருந்து அதுவரை அந்த ஃபோல்டரில் சேர்ந்தது மொத்தம் 19 ஜி.பி.

இந்த ஒரு செயலின் விளைவைக் கவனிக்க வேண்டும். போனின் கேலரியில் ஒரு படத்தை அழித்தால் அது குப்பைத்தொட்டிக்குப் போய்ச் சில நாள் இருக்கும். கேபிள் வழியாகக் கணினியிலிருந்து கட் செய்தால் அந்தத் தொட்டிக்கே போகாது, நேரே காணாமல் போகும். ஆக, அந்த இரவு முதல் அந்தப் படங்களுக்கு லேப்டாப்பில் ஒரு பிரதி. கிளவுடில் எவ்வளவு ஏறியிருந்ததோ அவ்வளவு. வேறு இல்லை.

ஏறியதா என்பதை யாரும் பார்க்கவில்லை. கணக்குப் போட்டால் அப்போதே தெரிந்திருக்கும். விநாடிக்கு 2 மெகாபிட் வேகம் தடையில்லாமல் கிடைத்தால்கூட 19 ஜி.பி. மேலே ஏற 21 மணி நேரம் ஆகும். லேயிலேயே ஃபோல்டரில் சேர்த்திருந்த படங்கள் அங்கே விடுதி வைஃபையில் ஏறியிருந்தன. ஹுண்டரில் சேர்ந்தவற்றின் ஓரத்தில் சுற்றும் அம்புக்குறிதான் இருந்திருக்க வேண்டும். ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் மட்டுமே தெரியும் சின்னக் குறி அது.

கேமரா படங்கள் இதற்குள் 52 ஜி.பி. லேப்டாப்பிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் ஏற்றியபின் முதல் கார்டை ஃபார்மட் செய்துவிட்டு, இரண்டாவது கார்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

பாங்காங் இரவு

பாங்காங் கரையில் கூடாரத் தங்கல். உயரம் சுமார் 4,250 மீட்டர். ஜெனரேட்டர் சாயங்காலம் ஏழிலிருந்து பத்து வரைதான். அந்த மூன்று மணி நேரத்துக்குள் கேமரா பேட்டரி, இரண்டு போன், லேப்டாப் எல்லாம் சார்ஜ் ஏற வேண்டும். படங்களும் ஏற வேண்டும்.

லேப்டாப்பில் அப்போது 10 ஜி.பி. பாக்கி. இரண்டாவது கார்டில் 28 ஜி.பி. படங்கள். பழைய படங்களை ஹார்ட் டிஸ்க்கில் சரிபார்த்துவிட்டு லேப்டாப்பில் கொஞ்சம் அழிக்கலாம் என்று டிஸ்க்கைச் செருகினான். 'டிக், டிக்' என்று சத்தம் வந்தது. ஃபோல்டர் திறந்தது, பட்டியல் பாதி வந்தது, அப்புறம் டிஸ்க்கே திரையிலிருந்து மறைந்தது. கேபிளை மாற்றினான், வேறு போர்ட்டில் போட்டுப் பார்த்தான். அதே சத்தம்தான்.

இதன் பின்னணியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மலைக்குப் போகிற பலருக்கும் இது தெரிவதில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் தட்டின் மேல், தகவலைப் படிக்கும் ஊசிமுனை தொடாமல் மிதக்கிறது. மிதக்க வைப்பது தட்டு சுழலும்போது உண்டாகும் காற்றுப் படலம். இடைவெளி நானோமீட்டர் கணக்கில். காற்றின் அடர்த்தி குறைந்தால் அந்தப் படலம் மெலிந்து முனை தாழ்கிறது. அதனால்தான் பெரும்பாலான டிஸ்க்குகளின் விவரக்குறிப்பில், இயங்கும்போது அதிகபட்ச உயரம் 3,048 மீட்டர், அதாவது 10,000 அடி என்று போட்டிருக்கும். அந்த வரம்பு லேயிலேயே தாண்டியாகிவிட்டது. பாங்காங் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். எஸ்எஸ்டியிலும் மெமரி கார்டிலும் சுழலும் பாகமே இல்லாததால் இந்தச் சிக்கல் அவற்றுக்கு இல்லை.

மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. அவனுக்குத் தலைவலி, அந்த உயரத்தில் முதல் இரவு பலருக்கும் வருவதுதான். இன்னும் 18 ஜி.பி. இடம் வேண்டும். ஃபோல்டர்களை அளவு வாரியாகப் பார்த்தபோது சித்தியின் போன் படங்கள் 19 ஜி.பி. என்று கண்ணில் பட்டது. "இது கிளவுட்ல இருக்கே" என்று அழித்தான். அழித்தும் இடம் கூடவில்லை, ரீசைக்கிள் பின்னில் அது அப்படியே இருந்தது. அதையும் காலி செய்தான். லேப்டாப் அப்போது எந்த நெட்வொர்க்கிலும் இல்லை.

28 ஜி.பி. ஏறி முடிந்ததும் வழக்கம்போலக் கார்டை ஃபார்மட் செய்யப் போனான். அந்த அம்மாதான் தடுத்தார்.

"கார்டை மட்டும் தொடாதப்பா. அந்த டப்பா வேற சத்தம் போடுது."

"லேப்டாப்ல ஏறிடுச்சு சித்தி. கார்டு ஒண்ணுதான் காலியா இருக்கு, ஹன்லேக்குப் பத்தாது."

"ரிஜிஸ்டர்ல மார்க்கை ஏத்துனதும் பேப்பர் கட்டைக் கிழிச்சுப் போட்டுருவமா? இன்னொருத்தர் சரிபார்க்கணும். வை, காலையில பார்க்கலாம்."

முப்பது வருடப் பள்ளிக்கூடப் பழக்கம் அது. இந்த முழு நிகழ்விலும் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு அதுதான் என்பது என் கருத்து. அதை எடுத்தவருக்கு ரா கோப்பு என்றால் என்னவென்று தெரியாது.

காலையில் தெரிந்தது

ஹுண்டரில் அவர்கள் தங்கிய வீட்டுப் பாட்டி, அடுப்படியில் லடாக்கின் கம்பீர் ரொட்டி சுட்டுக்கொண்டே ஒரு பாட்டைப் பாடியிருக்கிறார். அதை அந்த அம்மா வீடியோ எடுத்திருந்தார். காலையில் அதைத் தன் அக்காவுக்கு அனுப்ப நினைத்துத் தேடினார். போனில் இல்லை. லேப்டாப்பில் இருக்கும் என்றார். அவன் தன் போனில் கிளவுட் செயலியைத் திறந்து பார்த்தான். படங்கள் லேயோடு நின்றிருந்தன.

அப்போதுதான் எனக்குக் கூப்பிட்டான். சிக்னல் வந்து வந்து போனது. "அண்ணே, ரெக்கவரி சாஃப்ட்வேர் எது நல்லது?" என்பது முதல் கேள்வி. பத்து நிமிடத்தில் துண்டு துண்டாக நடந்ததைச் சொல்லி முடித்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் சொன்னது: லேப்டாப்பை உடனே ஏரோப்ளேன் மோடில் போடு, ஊர் வந்து சேரும் வரை இணையத்தில் இணைக்காதே. காரணம், சிங்க் என்பது இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி ஆக்கும் வேலை. இங்கே அழித்தது அங்கேயும் அழியும். அழித்தபோது லேப்டாப்பில் நெட் இல்லாததால் அந்தச் செய்தி கிளவுடுக்கு இன்னும் போகவில்லை. ஹாட்ஸ்பாட்டில் இணைத்த மறுநிமிடம், ஏற்கெனவே ஏறியிருந்த லே படங்களும் அங்கிருந்து போயிருக்கும். கிளவுடிலும் குப்பைத்தொட்டி உண்டு, மீட்டிருக்கலாம். ஆனால் அந்த நிலைக்கு விடுவானேன்?

ரெக்கவரி சாஃப்ட்வேர் யோசனையை அப்போதே கைவிடச் சொன்னேன். மெமரி கார்டில் அழிந்ததை, அதன்மேல் புதிதாக எதுவும் எழுதாமலிருந்தால் பெரும்பாலும் மீட்கலாம். லேப்டாப் எஸ்எஸ்டி அப்படியல்ல. அழித்ததுமே விண்டோஸ் டிரிம் என்ற கட்டளையை அனுப்பி, இந்த இடம் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும், எஸ்எஸ்டியும் அங்கிருந்ததைத் துடைத்துவிடும். போதாததற்கு மேலே 28 ஜி.பி. எழுதியும் ஆகிவிட்டது.

அடுத்து, எது ஒற்றைப் பிரதியாக இருக்கிறது என்று பார்த்தோம். ஹார்ட் டிஸ்க் பேச்சிழந்துவிட்டதால் லே, நூப்ரா கேமரா படங்கள் 52 ஜி.பி.யும் லேப்டாப்பில் மட்டுமே இருந்தன. பாங்காங் படங்கள் லேப்டாப்பிலும் இரண்டாவது கார்டிலும் இருந்தன. ஆகவே அவசரம் அந்த 52 ஜி.பி.க்குத்தான். எங்கே வைப்பது? அவனுடைய போன் 256 ஜி.பி., அதில் 140 ஜி.பி. காலி. இவ்வளவு நாளும் சட்டைப் பையிலேயே இருந்த இடம் அது. ஒருவருக்கும் அதைச் சேமிப்பகமாக நினைக்கத் தோன்றவில்லை. லேப்டாப் பேட்டரியில் பாதிக்கு மேல் இருந்தது. கேபிளில் அரை மணி நேரத்தில் 52 ஜி.பி. போனுக்குப் போனது. பாங்காங் கார்டை டைப்-சி கார்டு ரீடர் மூலம் லேப்டாப் இல்லாமலே நேராகப் போனில் ஏற்றினார்கள். அந்தக் கார்டின் ஓரத்தில் உள்ள சின்ன லாக் பொத்தானைக் கீழே தள்ளி, தவறிக்கூட எதுவும் எழுதப்படாதபடி செய்து, சித்தியின் கைப்பைக்குள் வைத்தார்கள். ஹார்ட் டிஸ்க்கைத் துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்துவிட்டு, ஊர் வரும் வரை மின்சாரம் கொடுக்கவே கூடாது என்று முடிவானது.

அதன்பின்தான் இடம் தேடும் வேலை. இந்த முறை ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டோம்: இதை மறுபடி உண்டாக்க முடியுமா? முடியும் என்றால் அழிக்கலாம். வழியில் பார்க்க இறக்கி வைத்திருந்த வெப் சீரிஸ் 20 ஜி.பி. படத் திருத்த மென்பொருள் தானாக உருவாக்கிச் சேர்த்து வைத்திருந்த முன்தோற்றக் கோப்புகள் 14 ஜி.பி. லேப்டாப்பின் ராம் 16 ஜி.பி. என்பதால், ஹைபர்னேட் வசதிக்காக (திறந்திருப்பதையெல்லாம் சேமித்துவிட்டு அணைவது) விண்டோஸ் ஒதுக்கியிருந்த கோப்பு சுமார் 6 ஜி.பி. எல்லாம் சேர்த்து 40 ஜி.பி. காலியானது. எதற்கும் யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

முந்தைய இரவு இந்த 40 ஜி.பி.யும் அங்கேதான் இருந்தது. வெப் சீரிஸ் பத்திரமாக இருக்க, பாட்டியின் பாட்டு போனது. அவசரத்தில் அளவு வாரியாகப் பட்டியலைப் பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாமே ஜி.பி.தான். எது திரும்ப வராது என்பதை அந்தப் பட்டியல் காட்டாது.

ஹன்லே

ஹன்லேயில் பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்தும் வானாய்வகம் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றுப்பகுதி 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இரவில் வெளிச்சம் குறைவாக இருக்க வேண்டும் என்று ஊரே பார்த்துக்கொள்கிறது. அங்கே ராத்திரி லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவது சரியல்ல. ஏற்றும் வேலை காலைக்கு மாறியது. நிதானமாகச் செய்ய அதுவே உதவியது.

நட்சத்திர நகர்வுக்கு 400 படம் எடுத்தால் ராவில் 12 ஜி.பி. வரும். அதைச் சுருக்கிய ஜேபெக் வடிவில் எடுக்க, 4 ஜி.பி.யில் முடிந்தது. தனித்தனியாக எடுத்த பால்வீதிப் படங்கள் மட்டும் ரா. தரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தான், அது அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் காலியாக இருந்த ஒரே கார்டில் ஹன்லே முழுதும் அடங்கியது. அந்தக் கார்டும் ஃபார்மட் ஆகவில்லை. ஒவ்வொரு காலையும் லேப்டாப்பில் ஒரு பிரதி, போனில் ஒரு பிரதி. கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த பைட் அளவையும் ஒப்பிட்டு, நடுநடுவே சில படங்களைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்து, ஒரு காகிதத்தில் அந்த அம்மா எழுதி வைத்துக்கொண்டார். அந்தப் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

லே திரும்பியதும் கடைவீதியில் 128 ஜி.பி. கார்டு ஒன்று வாங்கினார்கள். விமானத்தில் லேப்டாப் அவனிடம், கார்டுகள் அவரிடம்.

ஊர் திரும்பியபின்

லேப்டாப்பைத் தொடாமல், வேறொரு கணினியில் கிளவுட் கணக்கைத் திறந்து அந்த ஃபோல்டர் முழுவதையும் இறக்கினோம். 11 ஜி.பி. கிடைத்தது. அதை இன்னொரு டிஸ்க்கிலும் எழுதிய பிறகுதான் லேப்டாப்பை நெட்டில் இணைத்தோம். எதிர்பார்த்தபடியே, சில நிமிடங்களில் கிளவுடில் அந்த ஃபோல்டர் காலியானது.

மீதி 8 ஜி.பி., அதாவது கர்துங் லா முதல் ஹுண்டர் வரை அவர் போனில் எடுத்தவை, திரும்பவில்லை. டேட்டா ரெக்கவரி செய்பவர் ஒருவரிடம் லேப்டாப்பைக் காட்டினார்கள். அவர் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, கட்டணம் வாங்காமலே திருப்பிக் கொடுத்தார். டிஸ்கிட்டில் ஹாட்ஸ்பாட் கிடைத்தபோது வாட்ஸப்பில் குடும்பக் குழுவுக்கு அனுப்பிய சில படங்கள் மட்டும் கிடைத்தன, சுருக்கப்பட்ட அளவில். வீடியோ எதையும் அவர் அனுப்பியிருக்கவில்லை.

ஹார்ட் டிஸ்க் மதுரையில் சத்தமில்லாமல் திறந்தது. அதில் இருந்த 52 ஜி.பி.யும் சரியாக இருந்தது. எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு அந்த டிஸ்க்கை ஓரம் கட்டினோம். ஒருமுறை அப்படித் தடுமாறிய டிஸ்க்கை நம்பிப் பயன்படுத்துவது எனக்குச் சம்மதமில்லை. கேமரா படங்களில் ஒன்றுகூடப் போகவில்லை.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: கேமரா படங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே இரண்டு பிரதி திட்டமிடப்பட்டிருந்தது. போன் படங்களுக்குத் தானாக ஏறும் என்ற நம்பிக்கை மட்டும். விலையுயர்ந்த கருவியில் எடுத்ததற்கு மதிப்பு அதிகம் என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம். மைத்ரேயர் சிலையும் மணல்மேடும் நாளைக்கும் அங்கேதான் இருக்கும். போனது அந்த அடுப்படி.

அவன் சித்தியிடம் நேராகவே சொன்னான். அவர் ஒரு நாள் முழுக்கச் சரியாகப் பேசவில்லை. அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து, அடுத்த முறை எப்படி என்று என்னோடு சேர்ந்து எழுதினார்கள்.

மாற்றிக்கொண்டவை

பயணம் முடியும் வரை எந்தக் கார்டையும் ஃபார்மட் செய்வதில்லை. இதற்கு ஒரே வழி கார்டுகளைக் கூடுதலாக வாங்குவதுதான். ஒரு நாளில் எடுக்கும் அதிகபட்ச அளவை நாட்களால் பெருக்கி, அதன்மேல் பாதியைக் கூட்டி அத்தனை கொள்ளளவுக்குக் கார்டு. பயணச் செலவோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை. ராத்திரியில், களைப்பில், தலைவலியோடு 'எதை அழிக்கலாம்' என்ற கேள்வியே வராமல் இருக்க அந்தத் தொகையைக் கொடுக்கலாம்.

சுழலும் டிஸ்க்குக்குப் பதில் 1 டி.பி. கையடக்க எஸ்எஸ்டி. சமவெளிப் பயணத்துக்குப் பழைய வகை போதும் என்றாலும், ஜீப்பில் குலுங்கிப் போகிறவர்களுக்கு எங்கே போனாலும் எஸ்எஸ்டிதான் நல்லது.

போனிலிருந்து எடுக்கும்போது கட் கிடையாது, காப்பி மட்டும். காப்பி எஸ்எஸ்டியிலும் லேப்டாப்பிலும் சேர்ந்தது உறுதியானபின், போனில் அழிப்பதை அந்தப் போனின் சொந்தக்காரர் தன் கையாலேயே செய்வார். இதை அந்த அம்மா சேர்க்கச் சொன்னார், நானும் பலமாக ஆமோதித்தேன்.

பயணத்தில் சிங்க் ஃபோல்டருக்குள் எதையும் வைப்பதில்லை. லேப்டாப்பில் சாதாரண ஃபோல்டர்தான். கிளவுடுக்கு ஏற்றுவதாக இருந்தால், நல்ல வைஃபை உள்ள இடத்தில் பிரவுசர் வழியாகத் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் ஏற்றி, ஏறியதை இன்னொரு கருவியில் திறந்து பார்ப்பது.

கிளம்பும் முன்பே லேப்டாப்பைக் காலி செய்வது. வெப் சீரிஸ் போனிலேயே இருக்கட்டும்.

அடுத்த பயணம் சிக்கிம் என்று முடிவாகியிருக்கிறது. குருடோங்மார் ஏரி 5,000 மீட்டருக்கு மேல். புது எஸ்எஸ்டியும் கார்டுகளும் வந்துவிட்டன. போன ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் போய் வந்த படங்களை வைத்து, மேலே சொன்ன முறையில் ஒருதரம் முழுக்க ஏற்றிச் சரிபார்த்தார்கள். எண்ணிக்கையை எழுதும் நோட்டு அந்த அம்மாவிடமே இருக்கிறது.